தொட்டில் வளையத்தில் தொங்கிய ஏணி

எங்கள் வீட்டு விட்டத்தில் ஓர் இரும்பு வளையம் உண்டு. மகள் பிறந்தபோது தொட்டில் கட்ட அடித்தது. அவள் கல்லூரியில் படித்த காலத்தில் அதே வளையத்தில் ஒரு முறுக்கு ஏணியைத் தொங்கவிட்டேன். இறக்கு இறக்கு என்று எல்லோரும் சொன்னார்கள். நான் இறக்கவில்லை.

அந்த வருஷம் உயிரியலில் அவள் பெயிலாகிவிட்டாள். செப்டம்பரில் மறுபடி எழுதலாம். என் வீட்டுக்காரரின் அண்ணன், குடும்பத்துக்குப் பெரியவர், இதற்காகவே காத்திருந்ததுபோல வந்தார்.

"படிச்ச வரைக்கும் போதும் அம்மணி. கணியூர்ல நல்ல இடம் ஒண்ணு இருக்குது. தென்னந்தோப்பு, கெணறு. பெயிலான புள்ளைக்கு இதுக்கு மேல என்ன வேணும்?"

"இன்னொருக்கா எழுதட்டுங்கண்ணா," என்றார் என் வீட்டுக்காரர். "பாஸானா படிக்கட்டும். இல்லீன்னா நீங்க சொல்ற இடத்தையே பேசீரலாம்."

அன்றிலிருந்து மகள் புத்தகமும் கையுமாக உட்கார்ந்தாள். உதடு அசைந்தது, முகத்தில் ஒன்றுமில்லை. என்ன படிக்கிறாய் என்று கேட்டேன்.

"டி.என்.ஏ.ங்கம்மா. நம்ம ஒடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் இருக்குது. அப்பன் மூக்கு, ஆத்தா முடி எல்லாம் புள்ளைக்கு வர்றது அதுலதான். முறுக்கின ஏணி மாதிரி இருக்குமாம். செல்லு ரெண்டாகறப்ப அதுவும் தன்னத்தானே ரெண்டாப் பெருக்கிக்குமாம். படத்துல தட்டையா கெடக்குது. எது முன்னால, எது பின்னாலன்னே தெரியமாட்டேங்குது."

நான் எட்டாவதோடு நின்றவள். ஆனால் நூல் முறுக்கும் பட்டறை வைத்திருக்கும் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். முறுக்கு என்றால் எனக்குப் படம் எதற்கு?

"தட்டையா இருக்கறத எத்தனை தடவை படிச்சாலும் தட்டையாத்தான் கண்ணு இருக்கும். செஞ்சு பாத்தரலாம் வா."

இரண்டு கட்டுக்கம்பிகளை எடுத்தோம். ஏணிப் படிகளுக்குத் தென்னை ஈர்க்கு. ஒவ்வொரு படியையும் நடுவில் ஒடித்து, ஒரு பாதியை ஒரு கம்பியிலும் மறு பாதியை மற்றதிலும் கட்டி, பாதிக்கு ஒரு நிறமாகக் கழிவு நூலைச் சுற்றினோம். சிவப்பு மஞ்சளோடு மட்டும்தான் சேரும், நீலம் பச்சையோடு மட்டும்தான் சேரும் என்று அவள் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னாள். அதனால் சிவப்பில் ஜாக்கெட் கொக்கியும் மஞ்சளில் அதன் வளையமும் தைத்தோம். நீலத்துக்கும் பச்சைக்கும் பிரஸ் பட்டன். தவறான ஜோடியை மாட்டப் பார்த்தால் மாட்டாது. பிறகு நான் இரண்டு கம்பிகளையும் பிடித்து முறுக்கினேன். வீட்டில் வேறு கொக்கி இல்லாததால் தொட்டில் வளையத்தில் கட்டினோம்.

பெரியவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கல்யாண வயசுல புள்ளைய வச்சுக்கிட்டு, தொட்டில் கட்டற எடத்துல ஏணியா? யாரு ஏறிப் போறதுக்கு அம்மணி?"

"ஏற வேண்டியவ ஏறுவாளுங்க மாமா."

"சாமி படைச்ச ரகசியத்த ஈர்க்குல செஞ்சு தொங்கவிட்டிருக்கறியே, பாவம் வந்து சேராது?"

தினமும் விளக்கேற்றி முருகனைக் கும்பிடாமல் நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. அவன் செய்த வேலைப்பாட்டைக் கிட்டே போய்ப் பார்த்தால் அவன் கோபித்துக்கொள்வானா? கோபித்துக்கொள்வது பெரியவர்தான். அதை முருகன் தலையில் ஏன் போட வேண்டும்?

பரீட்சைக்கு முதல் நாள் மகள் புத்தகத்தை ஏணியருகே வைத்துப் பார்த்துவிட்டு அழுதாள். "அம்மா, தப்பா முறுக்கிட்டோமுங்க. நம்மளுது இடப்பக்கமா சாஞ்சு ஏறுது. வலப்பக்கமா ஏறோணும். இதப் பாத்து வரைஞ்சா அவ்வளவுதான்."

தலைகீழாகத் திருப்பிக் கட்டிப் பார்த்தேன். அப்படியும் இடப்பக்கம்தான் ஏறியது. எப்படிப் புரட்டினாலும் முறுக்கு மாறாது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. எங்கள் பட்டறையில் இரண்டு நூலைச் சேர்த்தால், ஒற்றை நூலின் முறுக்குக்கு எதிராக, இடப்பக்கமாகத்தான் முறுக்குவோம். இரண்டு கம்பியைக் கண்டதும் கை பழக்கத்துக்கு அதையே செய்துவிட்டது.

பிரித்தோம். அவசரத்தில் இழுத்ததில் கொக்கிகள் விட்டு ஒரு கம்பி தனியே வந்துவிட்டது, அதிலிருந்த பாதிப் படிகளெல்லாம் உதிர்ந்தன. எந்த நிறம் எந்த இடத்தில் இருந்தது என்று யாருக்கு நினைவு? ஆனால் மீதிக் கம்பியைப் பார்த்தேன். சிவப்பு இருக்கும் இடத்துக்கு மஞ்சள்தான் வர முடியும். நீலம் இருந்தால் பச்சை. ஒரு பாதி இருந்தால் போதும், மறு பாதியைக் கேட்காமலே செய்துவிடலாம்.

"கண்ணு! இப்படித்தான் அது தன்னத்தானே பெருக்கிக்குதா?"

கண்ணீரோடு சிரித்தாள். "ஆமாங்கம்மா. அதேதானுங்க."

வலப்பக்கமாக முறுக்கிக்கொண்டிருந்தபோது பெரியவர் உள்ளே வந்தார். "நாளைக்குக் கணியூர்க்காரங்க பொண்ணு பாக்க வர்றாங்க."

"நாளைக்குப் பரீட்சைங்க மாமா."

"தெரிஞ்சுதான் வரச் சொன்னேன்."

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். நான் அண்ணாந்து ஏணியைப் பார்த்தேன். "வரட்டுங்க. காப்பி வச்சுத் தர்றேன். ஆனா பொண்ணு ஊட்ல இருக்க மாட்டா."

காலையில் மகளுக்குத் திருநீறு இட்டு, கோயம்புத்தூர் பஸ்ஸில் நானே ஏற்றிவிட்டு வந்தேன்.

கணியூர்க்காரர்கள் வந்தார்கள். பெரியவர் என்னைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் தாயார்தான் வளையத்தைப் பார்த்து, "இதென்னங்க தோரணமா?" என்று கேட்டார்.

கொக்கிகளைக் கழற்றி, மறுபடி மாட்டி, தெரிந்ததைச் சொன்னேன். அந்தம்மா ஏணியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "அப்ப எம்பையனுக்கு என்ர மாமியா மூக்கு வந்ததும் இதனாலதானுங்களா? நான் என்ன பாவம் பண்ணுனேனோன்னு இருந்தேன்." மாப்பிள்ளை மூக்கைத் தடவிக்கொண்டார். "பொண்ணு எங்கீங்க?" என்று அந்தம்மாவே கேட்டார்.

"இதத்தான் எழுதப் போயிருக்குதுங்க. படிப்பு முடியற வரைக்கும் யாருக்கும் காட்டறாப்பல இல்லீங்க."

பெரியவர் காப்பியைத் தொடாமலே எழுந்து போனார். வெகுநாள் பேசவில்லை. நானும் போய்ச் சமாதானம் சொல்லவில்லை.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியவளிடம், "எந்தப் பக்கம் முறுக்கின கண்ணு?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"வலப்பக்கந்தானுங்கம்மா."

பாஸானாள். பட்டம் வாங்கினாள். பிறகு தனக்குப் பிடித்த இடத்தில்தான் கட்டிக்கொண்டாள். தலைப்பிரசவத்துக்கு வந்தபோது, தொட்டில் கட்ட வேண்டும், இப்போதாவது அந்த ஏணியை இறக்கு என்றார்கள்.

பக்கத்தில் இன்னொரு வளையம் அடிக்கச் சொன்னேன்.