மூன்று பேர் குடியிருக்கும் அறை

ஜூன் 2: பழைய பள்ளி வாலிபால் அணியில் பதினோரு பெண்கள்.
ஜூன் 20: ஏழு.
ஜூலை 1: ஆறு.
ஆகஸ்ட் 9: பெரிய பள்ளி 25, 25, 25. பழைய பள்ளி 7, 9, 6.

ஜூலை முதல் தேதி ஏழு பேரை ஆறாக்கியவள் தையல் மெஷின் மெக்கானிக்கின் ஒரே மகள். முந்தைய வருடம் அவளும் தோழிகளும் பெரிய பள்ளியை ஐந்தாவது செட் வரை இழுத்து, இரண்டே புள்ளியில் தோற்றார்கள். அந்த இரண்டு புள்ளி பெரிய பள்ளியின் தூக்கத்தைக் கெடுத்தது. ஹாஸ்டல், ஷூ, கல்லூரியில் இடம் என்று ஆசை காட்டி ஐந்து பேரை அது கூட்டிக்கொண்டது.

விளையாட்டுச் சங்கத்தின் விதி ஒன்று குறுக்கே நின்றது. பள்ளி மாறியவர் ஒரு வருடம் ஆடக் கூடாது. குடும்பமே புதிய பகுதிக்குக் குடிவந்தால் உடனே ஆடலாம். மற்ற நால்வரும் ஒரு வருடம் பெஞ்சில் உட்காரச் சம்மதித்தார்கள். மெக்கானிக்கின் மகள் பதினோராம் வகுப்பு. அவளுக்கு இருப்பதே இரண்டு வருடம். ஒன்றை இழக்க மனமில்லை. மெக்கானிக்கின் மனைவிக்குத் தபால் நிலையத்தில் நிரந்தர வேலை. ஆகவே குடும்பம் என்ற பெயரில் மெக்கானிக் மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

சாவி செய்யும் கடைக்கு மேலே ஒரே அறை. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். சீருடை தைக்கும் கூடத்தில் வேலை. நாற்பது மெஷின்கள் இரைகிற இடத்தில் பேச்சு எடுபடாது. மெஷின் நின்றால் கையைத் தூக்குவார்கள், இவர் போய்ச் சரிசெய்துவிட்டுத் திரும்புவார். பயிற்சி விடியற்காலையில் என்பதால் மகள் உண்மையில் ஹாஸ்டலில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வருவாள், சாப்பிடுவாள், அசதியில் தூங்குவாள், போய்விடுவாள்.

யாராவது பார்க்க வந்தால் மூன்று பேர் வாழ்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று பெரிய பள்ளியின் கோச் ஒரு பட்டியல் கொடுத்திருந்தார். மூன்று செருப்பு, மூன்று பிரஷ், மூன்று துண்டு. மெக்கானிக் அரைகுறையாக எதையும் செய்யமாட்டார். தினம் காலையில் மூன்று பிரஷையும் நனைத்து வைத்தார். புதுச் செருப்புகளின் குதிகாலை உப்புத்தாளால் தேய்த்துப் பழசாக்கினார். போனில் சொன்னபோது மனைவி சிரித்தாள்.

"நான் காலே வைக்காம என் செருப்பு தேஞ்சுபோச்சா?"

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி ஆட்டம் பார்க்கப் போனார். பழைய பள்ளிக்கு மாற்று ஆள் கிடையாது. ஒருத்தி கணுக்கால் பிசகியும் நொண்டிக்கொண்டே நின்றாள். அவர் வீட்டில் எத்தனையோ முறை சாப்பிட்ட பெண் அவள். ஆட்டத்துக்கு முன்பு அவரைப் பார்த்து, "அங்கிள், எந்தப் பக்கம் உட்காரப் போறீங்க?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். அவர் எந்தப் பக்கமும் உட்காரவில்லை. தண்ணீர்க் குழாயருகே நின்றே மூன்று செட்டையும் பார்த்தார்.

குடும்பம் குடிவரவே இல்லை என்று பழைய பள்ளி புகார் கொடுத்தது. செப்டம்பர் 20, சனிக்கிழமை, சங்கத்திலிருந்து ஒரு பெரியவர் ஃபைலோடு படியேறி வந்தார். செருப்பைப் பார்த்தார், பிரஷைத் தொட்டுப் பார்த்தார், எல்லாவற்றுக்கும் டிக் போட்டு, கையெழுத்திடப் பேனாவை எடுத்தார். மகளைத் தவிர அந்த வாசலை யாரும் மிதித்ததில்லை. பெரியவரும் போய்விட்டால் மறுபடி அந்தச் சுவர்தான்.

"ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க சார்."

அறையில் ஒரே ஒரு டம்ளர். பட்டியலில் டம்ளர் இல்லை. அதைப் பெரியவரிடம் கொடுத்துவிட்டு, மெக்கானிக் தன் பங்கைப் பாத்திர மூடியில் ஊற்றிக் குடித்தார்.

"என்னங்க, மூணு பேருக்கு ஒரு டம்ளரா?"

மற்றது உடைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு.

"நான் மட்டும்தான் சார் இருக்கேன்."

அதோடும் நிறுத்தவில்லை. ஒரு மணி நேரம் பேசினார். ஹாஸ்டல், தபால் நிலையம், உப்புத்தாள் எல்லாம் வெளியே வந்தன. பெரியவர் போட்ட டிக்குகளை ஒவ்வொன்றாக அடித்தார்.

"பேசாம இருந்திருக்கலாமே ஐயா."

"பேசாமத்தான் சார் இருந்தேன். எண்பத்தோரு நாள்."

மறுநாள் மகள் வந்தாள். திட்டவில்லை. "ஒரு டம்ளர் வாங்கியிருக்கக் கூடாதாப்பா?" என்றாள். சாப்பிடாமல் போனாள். அதற்கடுத்த ஞாயிறுகளில் வரவில்லை. புகார் கொடுத்த பழைய பள்ளியும் அதற்குள் போட்டியிலிருந்து விலகிவிட்டது. கணுக்கால் பிசகியவளுக்குப் பதிலாக இறக்க ஆளில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிடும்படி மனைவி தினமும் போனில் சொன்னாள். தீர்ப்பு வரட்டும் என்று இவர் தள்ளிப்போட்டார்.

பொய்யாகக் குடியிருப்பு காட்டியதற்கு மகளுக்கு இரண்டு வருடத் தடை என்றது சங்கத்தின் தீர்ப்புக் கடிதம். தந்தை தானாக உண்மையைச் சொன்னதால் ஒரு சலுகை: அடுத்த ஜூன் முடியும்வரை அவர் அதே அறையில் இடைவிடாமல் குடியிருந்தால், தடை ஒரு வருடமாகக் குறையும். நடுவில் யாராவது வந்து பார்ப்பார்கள்.

பன்னிரண்டாம் வகுப்பில் அவள் ஆடலாம். மெக்கானிக் கீழே இறங்கிப் போய், ஜூன்வரை அறை தனக்கு வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் சொன்னார். பிறகு மனைவிக்குப் போன் செய்தார். கடிதம் என்றைக்கு வந்தது, அன்றிலிருந்துதானே நாளை எண்ண வேண்டும் என்று மட்டும் அவள் கேட்டாள்.

அக்டோபர் 14.