என் பெயரில் ஒரு துவக்கு

கணவர் இறந்து ஒன்றரை வருடம் கழித்துத்தான் பயிர் காக்கச் சுடும் துவக்குக்கான அனுமதி என் பெயரில் வந்தது. கடிதத்தை வாங்க மாவட்டச் செயலகமான கச்சேரிக்குப் போயிருந்தேன். அங்கிருந்த எழுதுநர் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆம்பிளைப் பிள்ளையள் ஒருதரும் இல்லையோ அம்மா?"

"இல்லை. ரெண்டும் பொம்பிளைப் பிள்ளையள். கலியாணம் கட்டி வெளியில இருக்கினம்."

"அப்ப ஆர் சுடுறது?"

"நான்தான்."

அவர் சிரிக்கவில்லை. கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தை விரலால் காட்டினார். அதற்காகவே அவர் மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டாயிற்று.

நான் மன்னார் தீவில் பிறந்தவள். எங்கள் வீட்டில் எல்லோரும் கடல் தொழில். முருங்கன் பக்கம் கலியாணம் கட்டி வந்த பிறகுதான் வயல் என்பது காலில் ஒட்டியது. மாமனாருக்கு அரசாங்கம் கொடுத்த ஐந்து ஏக்கர் காணி, அவருக்குப் பிறகு என் கணவர் பெயருக்கு வந்தது. இப்போது என் பெயரில் இருக்கிறது. மார்கழி கடந்து கதிர் பால் பிடிக்கும்போது நெல்லுக்குருவிகள் மேகம் மாதிரி வந்து இறங்கும். பன்றிகளும் வரும். தகரம் தட்டிப் பார்த்தோம், பழைய ஒலிநாடாவை வரம்பு முழுக்க இழுத்துக் கட்டிப் பார்த்தோம். இரண்டு நாளில் குருவிகள் அதற்குப் பழகி, அந்த நாடாவிலேயே வந்து குந்தின. வெடிச் சத்தம் ஒன்றுக்குத்தான் அவை இன்னும் பயப்படுகின்றன.

கணவரிடம் பயிர்ப் பாதுகாப்புக்கென்று ஒரு ஒற்றைக் குழல் துவக்கு இருந்தது. அவர் இறந்ததும் சட்டப்படி அதைப் பொலிசில் ஒப்படைத்தேன். திரும்ப எடுக்கும் நேரம் வந்தபோது, துவக்கு திருத்துகிற ஒருவரிடம் காட்டினேன். குழலும், தோளில் வைக்கிற மரப் பிடங்கும் சேருகிற இடம் தளர்ந்து ஆடியது. "இதைச் சுட்டால் முன்னுக்கு நிக்கிற பண்டியைவிடப் பின்னுக்கு நிக்கிற உங்களுக்குத்தான் ஆபத்து" என்றார். அதனால் வேறொன்று வாங்குவதற்கு அனுமதி கேட்டேன், அதுவும் கிடைத்தது.

இதைக் கேள்விப்பட்ட அன்றே கணவரின் தம்பி வந்தார். எங்கள் வேலிக்கு அடுத்த வளவுதான் அவர் வீடு. ஐம்பதை நெருங்குகிறவர். நான் கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து எங்கள் வயலில் உழுவது, விதைப்பது, தண்ணீர் கட்டுவது எல்லாம் அவர் கையால்தான் நடந்தன. வயதில் என்னைவிட இளையவர் என்பதால் தம்பி என்றே கூப்பிடுவேன்.

"அண்ணி, கொழும்புக்கு நானும் வாறன். துவக்கு எடுக்கிறது சீலை எடுக்கிற மாதிரி இல்லை."

"வாங்கோ தம்பி. எனக்கும் ஒரு ஆள் வேணும்."

"மேலும் கீழுமா ரெண்டு குழல் இருக்குமே, அப்பிடி ஒண்டு எடுப்பம். முந்தி குளத்துக்கு வேட்டைக்கு வாற ஒரு துரை வைச்சிருந்தவர். நானும் அண்ணையும் அவருக்குப் பறவை பொறுக்கிக் குடுத்தனாங்கள். அதைத் தூக்கினால் கண் தானாப் பறவையில போய் நிக்கும்."

அவர் கண்ணில் வயலும் பன்றியும் இல்லை, கட்டுக்கரைக்குளத்துக்கு வரும் காட்டு வாத்துகளான தாராக்கள்தான் இருந்தன என்பது எனக்கு அப்போதே விளங்கியது. இளவயதில் அண்ணனும் தம்பியுமாக இரவல் துவக்கோடு தாரா சுடப் போன கதைகளைக் கணவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தத் துவக்கு எனக்கும் பிடித்தது. என் காரணம் வேறு. ஒற்றைக் குழலில் ஒரு வெடி தவறினால், மறு தோட்டா போடும் மட்டும் வெறுங்கையோடு நிற்க வேண்டும். பக்கம் பக்கமாக இரட்டைக் குழல் உள்ளவை அகலமாக இருந்து என் பார்வையை மறைக்கும். ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தால் கண்ணுக்கு முன்னால் ஒரே கோடுதான்.

கொழும்பில், துவக்கு விற்க அனுமதி உள்ள ஒரு கடைக்குப் போனோம். கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் நின்ற விற்பனையாளர், தமிழ் பேசும் முஸ்லிம் மனிதர். என் அனுமதிப்பத்திரத்தை வாசித்தார். பிறகு தம்பியிடம் திரும்பி, "எந்த மாதிரிப் பாக்கிறீங்க?" என்று கேட்டார்.

தம்பி உடனே சொன்னார்: "நீட்டுக் குழல். பறக்கிறதுக்குப் பின்னால இழுத்துச் சுட அதுதான் சரி."

விற்பனையாளர் துருக்கியில் செய்த புதுத் துவக்கு ஒன்றை எடுத்து வைத்தார். மேல்-கீழ்க் குழல்கள், மினுங்கும் மரம், விசைக்கு மேலே வெள்ளி நிறத்தில் இரண்டு பறவைகள் செதுக்கப்பட்டிருந்தன. தம்பி அதைத் தூக்கிக் கன்னத்தில் வைத்து, கூரையில் சுற்றிய மின்விசிறியைத் தொடர்ந்து குழலை நகர்த்தினார். அந்த நேரம் அவர் முகத்தில் இருபது வயது குறைந்துபோயிற்று.

"எனக்குத் தாங்கோ" என்றேன்.

முன்பக்கம் கனம். இடது கை தாழ்ந்துகொண்டே போனது. பிடங்கு நீளமாக இருந்ததால் தோளில் சரியாகப் பொருத்த முடியவில்லை. பொருத்தினாலும் கன்னம் மரத்தில் படவில்லை, குழலுக்கு மேலால் கூரைதான் தெரிந்தது.

"பழகினால் சரி வரும் அண்ணி" என்றார் தம்பி.

"பழகுற மட்டும் குருவி பாத்துக்கொண்டு இருக்காது தம்பி."

விற்பனையாளர் என்னை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். "இவங்கதானா சுடுறது?" என்று கேட்டு, உள்ளே போய் இன்னொன்றைக் கொண்டுவந்தார். அதுவும் மேல்-கீழ்க் குழல்தான், ஆனால் முன்பு யாரோ பாவித்தது. மரத்தின் மினுக்கம் போயிருந்தது, ஒரு பக்கம் நீளமாகக் கீறல். பிடங்கின் நுனியை யாரோ இரண்டு விரல் அளவு அறுத்து, றப்பர் வைத்துப் பூட்டியிருந்தார்கள். விலை, புதிதின் பாதிக்குக் கொஞ்சம் மேல்.

தூக்கினேன். கன்னம் தானாக மரத்தில் போய்ப் படிந்தது. குழலின் நுனியில் இருந்த சிறு மணி மட்டும் தெரிந்தது, அதற்கு நேரே கடையின் சுவர்க் கடிகாரம்.

ஆடுகிற துவக்கைக் கண்டு பயந்தவள் என்பதால் மிச்சத்தை நானே பார்த்தேன். குழலுக்குக் கீழே இருக்கும் மரத்தைக் கழற்றச் சொல்லி, மூடிய துவக்கைப் பிடித்து ஆட்டினேன். ஆடவில்லை. மடித்துத் திறந்து குழல்களுக்குள் வெளிச்சத்தைப் பார்த்தேன். வட்டம் வட்டமாக ஒளி போனது, குழியோ கறையோ இல்லை. சுட்ட பிறகு வெறும் தோட்டா தானாகத் துள்ளி விழாது, கையால்தான் இழுக்க வேண்டும் என்றார் விற்பனையாளர்.

"அது பரவாயில்லை. குனிஞ்சு பொறுக்கத் தேவையில்லைத்தானே."

தம்பிக்குப் பிடிக்கவில்லை. "குழல் கட்டை. பழசு வேற. இதால தாரா விழாது" என்று முணுமுணுத்தார்.

"தாராவுக்கு இல்லைத்தானே தம்பி" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்து வைத்தேன்.

தை பிறந்து கதிர் பால் பிடித்தது. முதல் நாள் காலை வரம்பில் நின்று வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைத்தேன். தோள் அதிர்ந்தது, காது அடைத்தது. வயல் முழுவதிலும் இருந்து குருவிகள் ஒரே போர்வையாகக் கிளம்பிப் போயின. பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது. கணவர் பார்த்திருந்தால் கைதட்டியிருப்பார்.

அடுத்த வாரம் தம்பி வந்து கேட்டார். "அண்ணி, ஒரு நாளைக்குத் துவக்கைத் தாங்கோ. குளத்தில தாரா நிறைய வந்து இறங்கியிருக்கு. ஒரே ஒரு நாள்."

"அது குற்றம் தம்பி. தாரா சுடுறதும் குற்றம், என்ர பேரில உள்ள துவக்கை நீங்கள் கொண்டுபோறதும் குற்றம். பிடிச்சால் எல்லாம் போயிடும்."

"ஓம், உங்கட பேரிலதானே" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல் எனக்கு அப்போது ஏறவில்லை.

ஒரு நாள் பிரசருக்கு மருந்தெடுக்க முருங்கன் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால், துவக்கு வைக்கிற அலுமாரிக் கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தது. துவக்கைக் காணவில்லை. மாதா சுருவச் சிலைக்குப் பின்னால் நான் ஒளித்து வைக்கிற திறப்பு, அலுமாரிப் பூட்டிலேயே தொங்கியது. அந்த இடம் எங்கள் வீட்டு ஆட்களுக்கு மட்டுமே தெரியும். யார் எடுத்தது, எங்கே போனது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு குளத்துக்கு மிதித்தேன்.

அணைக்கட்டில் ஏறியதும் அவரைக் கண்டேன். கீழே தண்ணீர் ஓரம், புல்லுக்குள் குந்தியிருந்தார். அவருக்கு எதிரே எட்டுகிற தூரத்தில் தாராக்கள் நூற்றுக்கணக்கில் மிதந்தன. துவக்கு தோளில் இருந்தது.

"தம்பி!" என்று உரத்துக் கூப்பிட்டேன்.

குளமே எழும்பியது போல் பறவைகள் கிளம்பின. அவர் எழுந்து, ஒரு தாராவின் பின்னால் குழலை இழுத்துக்கொண்டு போனார். வெடி கேட்கவில்லை. பறவைகள் தூரத்து மரங்களுக்கு மேலால் திரும்பும் வரை குழலால் தொடர்ந்துவிட்டு, மெல்லத் தாழ்த்தினார்.

நான் இறங்கிப் போனேன். கையை நீட்டினேன். தந்துவிட்டார். மடித்துத் திறந்து இரண்டு தோட்டாக்களையும் வெளியே எடுத்தேன்.

"ஏன் சுடேல்லை?"

"உங்கட குரல் கேட்டது. பிறகு சுடக் கை வரேல்லை."

ஏச வேண்டும் என்று வழி முழுக்கச் சொற்களைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன். அதற்குள் அவரே பேசத் தொடங்கினார்.

"அண்ணி, களவெடுத்தது பிழைதான். ஆனால் ஒண்டு சொல்லுறன். எனக்கெண்டு எழுத்தில ஒண்டும் இல்லை. காணி அப்பாவின்ர பேரில இருந்தது, பிறகு அண்ணற்ர பேரில, இப்ப உங்கட பேரில. முப்பது வருசமா அந்த மண்ணை நான்தான் உழுறன். துவக்குக்கு எழுதிப் போடப் போனால் காணி உறுதி எங்கை எண்டு கேக்கிறாங்கள். வயல் செய்யிற கமக்காரர் கூட்டத்துக்குப் போனால் நீர் ஆர் எண்டு கேக்கிறாங்கள். இண்டைக்கு ஒரு நாள் எண்டாலும் அண்ணையோட வந்த இடத்தில நிண்டு பாப்பம் எண்டு வந்தனான்."

அவருக்கு நாங்கள் கூலி கொடுத்தோம், நெல்லுக் கொடுத்தோம், பெருநாளுக்கு உடுப்பு எடுத்தோம். அதற்கு மேல் அவருக்கு ஏதாவது வேண்டியிருக்கும் என்று இத்தனை வருடத்தில் கணவரும் நினைத்ததில்லை, நானும் நினைத்ததில்லை. அவரும் ஒரு நாளும் காணி கேட்டதில்லை. கேட்டது இந்தத் துவக்கை மட்டும்தான்.

"வாங்கோ, வீட்டை போவம்" என்றேன்.

துவக்கை நான் தோளில் கொழுவிக்கொண்டேன். அவர் என் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் வந்தார். வழியில் கண்டவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர் எங்கள் வாசலுக்கு வரவில்லை. வெட்கம் என்று அவருடைய மனைவி வேலியோரம் நின்று சொன்னார். நான் அந்த மாதத்தில் வெளியில் இருக்கும் பிள்ளைகள் இருவருடனும் கதைத்தேன். மூத்தவள், "சித்தப்பாவுக்குக் குடுக்கிறதில எங்களுக்கு என்னம்மா?" என்றாள். இளையவள் கொஞ்சம் யோசித்து, மறுநாள் சரி என்றாள். பிறகு அரசாங்கக் கந்தோர்களுக்கு அலைந்தேன். அரசாங்கக் காணி ஒரு பெயரில்தான் இருக்கலாம், அதைத் துண்டாக்க இப்போது வழியில்லை என்றார்கள். ஆனால் அதில் பயிர் செய்பவர் என்று அவர் பெயரைப் பதியலாம் என்றார் கமநல நிலையத்து உத்தியோகத்தர். வாய்க்கால் பக்கமாக உள்ள இரண்டு ஏக்கரைக் குத்தகை எதுவும் வாங்காமல் அவருக்கு விடுவதாக எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

தாளை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதை இரண்டு தரம் வாசித்தார்.

"அண்ணி, இது என்னத்துக்கு?"

"கூட்டத்தில ஆர் எண்டு கேட்டால் காட்டுறதுக்கு."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்க் கால் கழுவினார். கழுவுவதற்குக் காலில் சேறு எதுவும் இருக்கவில்லை.

துவக்குக்கு அவரும் எழுதிப் போட்டிருக்கிறார். இன்னும் பதில் இல்லை, கிடைக்குமோ தெரியாது. கட்டுக்கரைக்குளத்துப் பக்கம் போவதில்லை என்று என்னிடம் சத்தியம் செய்ய வந்தார். சத்தியம் வேண்டாம், சொன்னால் போதும் என்றேன். அலுமாரித் திறப்பை மட்டும் இப்போது வேறு இடத்தில் வைக்கிறேன். நம்பிக்கை ஒரு பக்கம், சட்டம் ஒரு பக்கம்.

இந்த வருடம் அவருடைய இரண்டு ஏக்கரும் என் மூன்று ஏக்கரைவிட நன்றாக விளைந்தன. ஒரு காலை நான் வரம்பில் ஏறி வெடி வைத்தேன். குருவிகள் எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, வரம்பைத் தாண்டி அவருடைய பக்கம் போய் இறங்கின. அங்கிருந்து அவர் தகரத்தைத் தட்டிக்கொண்டு கத்தினார்.

"அண்ணி! உங்கட குருவியை எல்லாம் என்ர வயலுக்கு அனுப்புறியளே! இது என்ன நியாயம்?"

"ஆற்ர வயல் எண்டு குருவிக்குத் தெரியுமே தம்பி?" என்று நானும் கத்தினேன்.

"என்ர வயல்!" என்று அவர் திரும்பவும் சத்தமாகச் சொன்னார். மறு குழலில் இருந்த தோட்டாவை அவருடைய பக்கத்து வானத்துக்குச் செலவழித்தேன்.