பாதியில் நின்ற பதிவுகள்

என் அக்கா யார் வீட்டுக்குப் போனாலும், தட்டில் வைத்துக் கொடுப்பதைத் தொடுவதற்கு முன் அது வந்த பாக்கெட்டைத் தேடுவாள். கேட்க முடிந்த இடத்தில் கேட்பாள். கேட்கக் கூச்சமான இடத்தில், தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுக்களைக்குள் போய்க் குப்பைக்கூடையை எட்டிப் பார்ப்பாள். உறவுக்காரர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு முகம் சுளித்தார்கள், அப்புறம் பழகிக்கொண்டார்கள். "அண்ணி வராங்களாம், யாரும் குப்பையைக் கொட்டிடாதீங்க" என்று அத்தானின் தங்கை ஒருமுறை வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள். அக்காவும் சேர்ந்து சிரித்தாள்.

காரணம் அவள் மகள். பட்டு என்று கூப்பிடுவோம். வேர்க்கடலை அவளுக்கு ஆகாது. கைக்குழந்தையாக இருந்தபோது யாரோ ஆசையாக ஒரு துண்டு மிட்டாயை ஊட்டிவிட, உதடு வீங்கி, மூச்சு விசிலடிக்கத் தொடங்கிவிட்டது. அன்றிலிருந்து அக்கா பாக்கெட்டின் முன்பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. பின்பக்கம்தான்.

அக்காவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அத்தான் லிஃப்ட் பழுது பார்ப்பவர். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அவர்கள் வீட்டோடு இருக்கிறேன். ஒருநாள் கடைக்கு வந்த பெண் ஒருத்தி தன் போனில் ஒரு செயலியைக் காட்டினாளாம். பார்கோடைக் காட்டினால் போதும், அந்தப் பண்டத்தில் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடும். அந்தத் தகவலை எந்தக் கம்பெனியும் தரவில்லை. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், யார் வேண்டுமானாலும் எழுதலாம், யாருக்கும் சொந்தமில்லை. திறந்த தரவுத்தளம் என்று அதற்குப் பெயர். அக்கா வீட்டுக்கு வந்ததும் அலமாரியில் இருந்ததையெல்லாம் எடுத்துக் காட்டிப் பார்த்தாள். பாதிக்கு மேல், "இந்தப் பொருள் இங்கே இல்லை. நீங்கள் சேர்க்கலாம்" என்று வந்தது. தன்னைப் பார்த்தே சொன்னதாக எடுத்துக்கொண்டாள்.

தனியாளாகச் செய்து மாளாது என்று தெரிந்ததும், மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். நூலகத்தின் மாடியில், பழைய கணினிகள் இருந்த நீள அறையை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுத்தார்கள். நான் முன்னதாகப் போய் அறையைப் பெருக்கி, நாற்காலிகளைத் துடைத்து, டீ போட்டு வைப்பேன். பிறகு கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்வேன். அங்கிருந்து எல்லாருடைய கைகளும் தெரியும். எலியைப் பிடிக்கிற மாதிரி மவுஸைப் பிடிப்பவர்கள், ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடிக் குத்துபவர்கள், தப்பாகிவிடுமோ என்று கையை மடியிலேயே வைத்திருப்பவர்கள்.

"பாத்துக்கிட்டே இருந்தா வராதுங்க. கை வைக்கணும்" என்பாள் அக்கா. எல்லாரும் வீட்டிலிருந்து ஆளுக்கொரு பாக்கெட் கொண்டுவர வேண்டும். முதலில் அவள் ஒன்றைச் செய்து காட்டுவாள். பார்கோடு, பெயர், முன்பக்கப் படம். சுவரில் விழும் வெளிச்சத்தில் அது பெரிதாகத் தெரியும். சேமிப்பது எப்படி என்று காட்ட வேண்டுமே, அந்தப் பொத்தானையும் அழுத்துவாள். "இதே மாதிரிதான் பின்பக்கமும். சேர்ந்திருக்கறதை ஒண்ணொண்ணா எழுதணும், அலர்ஜி கட்டத்தை நிரப்பணும். சரி, இப்ப நீங்க பண்ணுங்க."

அதற்குப் பிறகு அவளுக்கு நிற்க நேரம் இருக்காது. ஒருவருக்குக் கடவுச்சொல் மறந்திருக்கும். ஒருவர் எடுத்த படத்தில் பளபளக்கும் காகிதத்தின் வெளிச்சம் மட்டும் இருக்கும். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் தவறாமல் வருவார்.

"ஐயா, இதுல உங்க கட்டைவிரல்தான் தெரியுது."

"அதுலயும் கடலை இல்லம்மா. தைரியமா எழுதிக்கோ."

அறையே சிரிக்கும். டீ வரும். கிளம்பும் நேரம் வந்துவிடும். அக்கா செய்து காட்டியது, காட்டிய அளவிலேயே நிற்கும். படமும் பெயரும் இருக்கும். மற்றக் கட்டங்கள் காலியாக இருக்கும். மாதாமாதம் இப்படித்தான் நடந்தது. வந்தவர்களின் பதிவுகளை வீட்டில் உட்கார்ந்து சரிபார்ப்பாள். தன்னுடையதைச் சரிபார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

பட்டுவுக்குப் பதினான்கு வயது நடந்தபோது, பள்ளி இடைவேளையில் தோழி ஒருத்தி பிஸ்கட் கொடுத்திருக்கிறாள். பட்டு வாங்கிய கையோடு பாக்கெட்டையும் கேட்டு வாங்கினாள், அம்மா வளர்ப்பு. பின்பக்கம் கிழிந்து போயிருந்தது. பார்கோடு மட்டும் மிச்சம். தோழியின் போனில் பார்த்தாள். பிஸ்கட்டின் படம் வந்தது. ஒவ்வாமைப் பொருள்கள் என்ற இடத்தில் எதுவும் இல்லை. சாப்பிட்டாள்.

இப்படி நேர்ந்தால் போட என்று எப்போதும் பையில் வைத்திருக்கும் ஊசியை ஆசிரியை ஒருவர் போட்டிருக்கிறார். ஒன்று போதவில்லை. ஆம்புலன்ஸில் இன்னொன்று. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தொண்டைக்குள் குழாய் இருந்தது. அத்தான் கிரீஸ் படிந்த கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான்காம் நாள்தான் குழாயை எடுத்தார்கள்.

குரல் கரகரவென்று இருந்தது. அக்கா அவள் தலையைத் தடவிக்கொண்டே, "ஏன்டி, கட்டம் காலியா இருந்தா எழுதலைன்னு அர்த்தம், இல்லைன்னு அர்த்தம் இல்லைன்னு உனக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். திட்டுகிற குரலில் இல்லை, கெஞ்சுகிற குரலில்.

"தெரியும்மா. ஆனா யார் போட்டதுன்னு பாத்தேன். கீழ உன் பேர் இருந்துச்சு."

அக்காவின் கை தலைமேலேயே நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகு அத்தான் ஒரே ஒரு முறைதான் பேசினார். "ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் கிளாஸ் எடுத்த. நான் ஒண்ணும் சொல்லலை. ஒண்ணே ஒண்ணை முழுசா எழுத உனக்கு நேரம் இல்லையா?" பதிலுக்குக் காத்திருக்காமல் வேலைக்குப் போய்விட்டார். கத்தியிருந்தாலாவது அக்கா அழுதிருப்பாள்.

அக்கா தன் கணக்கைத் திறந்து, வகுப்புகளில் செய்து காட்டிய ஒவ்வொன்றையும் தேட ஆரம்பித்தாள். எட்டு வருஷத்து வகுப்புகள். பல பாக்கெட்டுகள் இப்போது கடைகளில் இல்லை. பின்பக்கம் கிடைக்காததால் அவற்றை நிரப்பவும் முடியாது. அழிக்கப் பார்த்தாள். எங்கோ தூர தேசத்தில் இருக்கும் தன்னார்வலர் ஒருவர் திரும்பப் போட்டுவிட்டார். படம் நன்றாக இருக்கிறது, பயனுள்ள தகவலை அழிக்க வேண்டாம் என்று மரியாதையாக எழுதியிருந்தார். அக்கா நடந்ததை விளக்கி எழுதினாள். வருத்தம் தெரிவித்தார்; தளத்தின் விதி அப்படி என்றார். அவள் மறுபடி அழித்தாள். அவள் கணக்கை முடக்கிவிட்டார்கள். இப்போது அவளால் அழிக்கவும் முடியாது, நிரப்பவும் முடியாது. அவள் பெயர் மட்டும் ஒவ்வொன்றின் கீழும் இருக்கிறது.

அதற்குள் அடுத்த மாத வகுப்பு ஞாயிறு வந்துவிட்டது. வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். புடவையை மாற்றிக்கொண்டு வந்தாள். விஷயம் தெரிந்தவர்கள் எழுந்து நின்றார்கள். "உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் அவர்களிடம் சொன்னாள். பிஸ்கட்டின் பதிவைச் சுவரில் காட்டினாள். காலிக் கட்டத்தின் மேல் விரலை வைத்தாள். "முடிக்காம எழுந்திருக்காதீங்க. முடியாதுன்னா ஆரம்பிக்காதீங்க. வேற எதுவும் சொல்லிக்கொடுக்க எனக்கு யோக்கியதை இல்லை."

தையல்காரப் பெண் ஒருத்தி அழுதாள். அன்று புதிதாக நான்கு பேர் வந்திருந்தார்கள். தபால்காரர் எழுந்து, "நீ உக்காரும்மா, இவங்களுக்கு நான் காட்டறேன்" என்றார். கேலி இல்லாத குரலில் அவர் பேசி அன்றுதான் கேட்டேன். நிதானமாகத்தான் செய்தார். பார்கோடு, பெயர், படம். சேமித்தார். அதற்குள் புதியவர் ஒருவருக்குத் திரை கறுத்துப் போனது. "இதோ வரேன்" என்று அந்தப் பக்கம் போனார். இன்னொருவர் கூப்பிட்டார். அவர் திரும்பி வரவே இல்லை. சுவரில் பாதிப் பதிவு தெரிந்துகொண்டிருந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லேன்க்கா" என்றேன் மெதுவாக.

"சொன்னேனே, இப்பதானே சொன்னேன்" என்றாள்.

அவளே எழுந்து போய் அந்தப் பாக்கெட்டைத் தேடினாள். யாரோ அதைத் தங்கள் பையில் போட்டுக்கொண்டு கிளம்பியிருந்தார்கள். நாற்காலிகளை நான் அடுக்கினேன். அக்கா கணினிகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு முன் அவள் அதைப் பிடித்து நான் பார்த்ததில்லை.

பட்டு உடம்பு தேறிவிட்டாள். பள்ளிக்குப் போகிறாள். அம்மாவோடு சண்டை எதுவும் இல்லை, பேசுகிறாள், சிரிக்கிறாள். ஆனால் அக்கா கடையிலிருந்து எதை வாங்கி வந்து கொடுத்தாலும், "சித்தி, நீங்க படிச்சீங்களா?" என்று என்னைக் கேட்கிறாள். அந்தப் பொடி இங்கிலீஷை நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். அக்கா பக்கத்தில் நின்று நான் படித்து முடிக்கும்வரை காத்திருக்கிறாள். அப்படிக் கேட்க வேண்டாம் என்று பட்டுவிடம் தனியாகச் சொல்லிப் பார்த்தேன். "வேணும்னு கேக்கலை சித்தி, வாயில வந்துடுது" என்றாள்.

நூலக மாடியில் வகுப்பு நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. தபால்காரருக்கு முழங்கால் வலி, படியேறுவதில்லை. அந்த அறையைத் தட்டச்சு வகுப்புக்கு விட்டிருக்கிறார்கள். அக்கா கண்ணாடிக் கடைக்குப் போகிறாள், வருகிறாள். பிஸ்கட்டின் பதிவை மட்டும் யாரோ முழுசாக நிரப்பியிருக்கிறார்கள். அவள் ஆரம்பித்த மற்றவை நூறை நெருங்கும். அவை இன்னும் காலியாகத்தான் இருக்கின்றன.