இடப்பக்கம் இழுத்த வண்டி

அந்த வண்டியில் நான் மொத்தம் ஒரு முற்பகல்தான் உட்கார்ந்திருப்பேன். ஆனாலும் இன்றைக்கும் ரோட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் போனால் என் கண் ஓட்டுகிறவரைப் பார்க்காது. சக்கரத்தைத்தான் பார்க்கும்.

அறுபதுகளின் கடைசி. எங்கள் பக்கத்துக் கிணறுகளில் மாடு கட்டி இறைக்கும் கமலை போய், ஆயில் இன்ஜினும் பம்பு செட்டும் வந்துகொண்டிருந்த காலம். நாங்கள் ஒக்கூரில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் தச்சு வேலைக் குடும்பத்தில் பிறந்து, உளியை அண்ணன்மாரிடம் விட்டுவிட்டு ஸ்பானரைப் பிடித்தவர். எந்தக் கிணற்றில் இன்ஜின் நின்றாலும் இவரைத் தேடித்தான் ஆள் வரும். சைக்கிளில் சாமான் மூட்டையைக் கட்டிக்கொண்டு போவார். ஒரு கோடையில் இவர் போய்ச் சேருவதற்குள் ஒருவருடைய மிளகாய்த் தோட்டம் வாடிப்போனது. அந்த மனிதர் திட்டியிருந்தாலாவது தேவலை. ஒன்றுமே சொல்லாமல் மோர் கொடுத்தாராம். அன்றிலிருந்து இவருக்கு மோட்டார் சைக்கிள் நினைப்புப் பிடித்துக்கொண்டது.

புது வண்டிக்குப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நாட்டரசன்கோட்டையில் ஒரு பண்ணை வீட்டில் வண்டி ஒன்று சும்மா நிற்கிறது என்று யாரோ சொன்னார்கள். சாப்பிடும்போதெல்லாம் அதே பேச்சு.

"பெரிய வண்டின்னா கம்மாக்கரையில விழுந்தா தூக்க முடியாது. ஸ்கூட்டர்னா மணல்ல பொதைஞ்சுரும். இது இருநூத்தம்பது சிசி, நடுவாந்தரம். கரையிலயும் ஏறும், மதுரை வரைக்கும் மூச்சு வாங்காமப் போகும். நீயும் வா புள்ள. சாமான் மூட்டைக்குப் பதிலா ஒன்னைய வச்சு ஓட்டிப் பாக்குறேன்."

"சரிதான்" என்றார் என் மாமியார். "மூட்டையும் வாயத் தொறக்காது, இவளும் தொறக்க மாட்டா."

கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியும் நான் அப்படித்தான் இருந்தேன். கேட்டால் பதில், அவ்வளவுதான். கிளம்பும்போது மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "வாங்கப் போற எடத்துல எதையும் நொட்டை சொல்லிராத. பொருளு கைக்கு வர்ற நேரத்துல பொம்பள ஒரு குத்தம் சொன்னா, அந்தக் குத்தம் கூடவே வீட்டுக்கு வந்துரும்."

நான் தலையாட்டினேன். அதை நம்பவும் செய்தேன்.

நாட்டரசன்கோட்டையில் முதலில் கண்ணாத்தா கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு அந்த வீட்டுக்குப் போனோம். மாட்டுக் கொட்டகை ஓரத்தில் சாக்கு போர்த்தி நிறுத்தியிருந்தார்கள். வீட்டின் மூத்தவர், வெள்ளைச் சட்டைக்காரர், சாக்கை இழுத்தார். கருஞ்சிவப்பு வண்டி. டேங்கின் இடது பக்கம் மட்டும் பெயிண்டு மற்ற இடத்தைவிடப் பளபளப்பாக இருந்தது.

"தம்பி ஓட்டுன வண்டி. அவனுக்கு இப்ப வேண்டாம்னு ஆகிப்போச்சு. பாரு மெக்கானிக்கு, நல்லாப் பாரு. குத்தம் இருந்தா நானே சொல்லிருவேன்."

என் வீட்டுக்காரர் குந்தி உட்கார்ந்தார். வண்டியைக் கிளப்பச் சொல்லி, திருப்புளியின் முனையை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். கிணற்றடியிலும் அப்படித்தான் கேட்பார். வைத்தியர் நாடி பிடிக்கிற மாதிரி இருக்கும்.

"சுத்தமா இருக்குண்ணே. பிஸ்டன்ல ஒரு சத்தம் இல்ல" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் பார்த்ததெல்லாம் அந்த மலர்ச்சியோடு பார்த்ததுதான்.

எனக்குத் தாகமாக இருந்தது. பின்கட்டுக்குப் போனேன். வண்டி ஓட்டிய தம்பியின் மனைவி செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். என் வயதுதான் இருக்கும். நான் குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து அறையிலிருந்து ஒரு வாடை வந்தது. உளுந்து மாவும் முட்டையும் குழைத்துப் போடுகிற எலும்புக் கட்டு வாடை. கதவு பாதி திறந்திருந்தது. பாயில் இரண்டு கால்கள் தெரிந்தன. ஒன்றில் முழங்காலுக்கு மேல் வரை மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது.

அவளாகவே கதவைச் சாத்திவிட்டு, "தென்னை மரத்துலேருந்து விழுந்துட்டாக" என்றாள்.

அந்த வீட்டு ஆண்கள் தென்னை மரம் ஏற மாட்டார்கள். அதற்கு ஆள் உண்டு. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். செம்பைத் திருப்பி வாங்கும்போது என் கையைக் கொஞ்சம் பிடித்த மாதிரி இருந்தது.

"எங்குட்டு ஓட்டிப் பாக்கப் போறீக?"

"கம்மாக்கரை... ஆத்து மணல்."

"தார் ரோட்டுல வெரசாப் போக வேணாம்னு சொல்லுங்க" என்றாள். வெளியே மூத்தவர் கனைத்தார். அவள் உள்ளே போய்விட்டாள்.

நான் அதை என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. சொல்ல நேரமும் இல்லை. எங்கள் சைக்கிளை அங்கே விட்டுவிட்டு, அவர் வண்டியை உதைத்துக் கிளப்பி, "ஏறு புள்ள" என்றார். சேலையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு காலையும் இடப்பக்கம் தொங்கவிட்டு உட்கார்ந்தேன். எல்லாப் பெண்களும் அப்படித்தானே உட்காருவோம்.

தெருவைத் தாண்டித் தார் ரோடு வந்ததும் வேகம் எடுத்தார். அப்போது எனக்குக் கீழே ஒரு சிலிர்ப்பு. மாடு ஈயை விரட்டப் பின்புறத் தோலை மட்டும் சிலிர்க்குமே, அது மாதிரி. பிறகு நின்றது. பிறகு மறுபடி. அவருடைய வலது தோள் இறுகியிருந்தது. முழங்கையில் நரம்பு புடைத்திருந்தது. நேராகப் போகிற ரோட்டில் அவர் எதையோ பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தார்.

"ஏ புள்ள, இடப்பக்கமா இழுக்குது. நேரா உக்காரு."

"நேராத்தான் உக்காந்திருக்கேன்."

"ரெண்டு காலையும் ஒரு பக்கமாத் தொங்கப் போட்டா வண்டிதான் என்ன செய்யும்? ஒன்னையச் சொல்லிக் குத்தமில்ல. ஆம்பள மாதிரி உக்காருன்னா சொல்ல முடியும்?" சிரித்தார்.

எதிரே வைக்கோல் லாரி வந்தது. அவர் ஒதுங்கினார். ஒதுங்கியதற்கு மேலும் வண்டி ஒரு முழம் ஒதுங்கிற்று. என் கால் விரல்களுக்குப் பக்கத்தில் ரோட்டோரக் கல் ஓடியது. நான் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னை வலப்பக்கம் நகர்த்தப் பார்த்தேன். என் எடைதான் இவரை இழுக்கிறது என்று எனக்கு அழுகை வந்தது.

கண்மாய்க் கரையில் ஏற்றினார். வண்டி நன்றாகவே ஏறியது. கருவேல முள், செம்மண் பள்ளம், மாட்டு வண்டித் தடம் எல்லாவற்றிலும் திணறாமல் போயிற்று. வண்டியின் அடிவயிறு எங்கும் தட்டவில்லை. கண்மாய்த் தண்ணீர் வழிந்தோடும் கலுங்கு ஓரத்தில் முட்டளவு தண்ணீரில் இறக்கி ஏற்றினார். பிரேக் நனைந்து கொஞ்ச தூரம் பிடிக்கவில்லை. மெல்ல அழுத்தி அழுத்திக் காய வைத்தார். "கழுதை மாதிரி ஒழைக்கும் புள்ள இது" என்றார். மெதுவாகப் போகும்போது அந்தச் சிலிர்ப்பே இல்லை. நானும் அதை மறந்துவிடப் பார்த்தேன்.

காட்டாற்றில் இறங்கும் இடத்தில் என்னை இறக்கிவிட்டார். "மணல்ல மொதல்ல நான் மட்டும் போய்ப் பாக்குறேன்" என்று, அக்கரையில் நின்ற ஒற்றைப் பனையைப் பார்த்து நேரே ஓட்டினார். நான் பின்னாலேயே நடந்தேன். நாலு நாளைக்கு முன் மழை பெய்திருந்ததால் மணல் ஈரமாக, கோலமாவு தூவியது போல் ஒட்டிப் படிந்திருந்தது.

தடம் இரண்டாக விழுந்திருந்தது.

முதலில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இன்னும் கொஞ்சம் நடந்த பிறகுதான் நின்றேன். சைக்கிள் எனக்குத் தெரியும். நேராகப் போனால் முன் சக்கரத்துத் தடத்தின் மேலேயே பின் சக்கரம் ஏறிப் போகும். ஒரு கோடுதான் தெரியும். திரும்பினால்தான் இரண்டாகப் பிரியும். இவர் திரும்பவில்லை. பனை நேரே நிற்கிறது, தடமும் நேரே போகிறது. ஆனாலும் இரண்டு கோடு. முன் தடத்தின் ஓரத்துக்கும் பின் தடத்தின் ஓரத்துக்கும் நடுவில் என் பெருவிரலை வைத்தேன். அடங்கியது. தினமும் வாசலில் கோலக் கம்பி இழுக்கிறவளுக்கு அந்த இடைவெளி கண்ணை உறுத்தும்.

என் பின்னால் ஆள் இல்லாத ஆற்று மணல். முன்னால் அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். உளுந்து வாடை எங்கிருந்தோ மறுபடி மூக்கில் ஏறியது போல இருந்தது. நொட்டை சொல்லிராத என்ற மாமியார் சொல்லும் கூடவே வந்தது. சொன்னால் குற்றம் வீட்டுக்கு வரும். சொல்லாவிட்டால் இவர் நாளைக்கு மானாமதுரை ரோட்டில், மூட்டையோடு, வேகமாக.

அவர் வந்து நின்றார். "முடிச்சுருவோம். இப்பிடி ஒரு வண்டி கெடைக்காது. ஏறு."

நான் ஏறவில்லை.

"ஏறு புள்ள. சுடுதா?"

தடத்தைக் காட்டினேன். அவர் பார்த்தார். "ஆமா, தடம். அதுக்கு என்ன?"

"ரெண்டா இருக்கு."

"நீ ஒரு பக்கமா..." என்று ஆரம்பித்தார்.

"நான் ஏறலயே" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல் இருந்தது. "இங்குட்டு நீங்க மட்டுந்தானே ஓட்டினீக."

அவர் தடத்தைப் பார்த்தார். பனையைப் பார்த்தார். இறங்கி வண்டியை நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து அவர் அப்பா காலத்து நூல் உருண்டையை எடுத்து, ஒரு முனையை என்னிடம் கொடுத்துப் பின் சக்கரத்தின் ஓரமாகப் பிடிக்கச் சொன்னார். மறுமுனையை முன் சக்கரம் வரை இழுத்துப் பிடித்தார். பலகை நேராக இருக்கிறதா என்று தச்சர் பார்ப்பது போல ஒரு கண்ணை மூடினார். நூல் பின் சக்கரத்தை ஒட்டி நின்றது. முன் சக்கரத்துக்கு வரும்போது இரண்டு விரல் தள்ளி நின்றது. மறுபக்கம் பிடித்தார். அங்கே நூல் டயரில் முட்டி வளைந்தது.

அவர் குந்தியபடியே நகர்ந்தார். டேங்குக்கு அடியில் கையை விட்டுத் தடவினார். "வெல்டிங்கு வச்சுப் பெயிண்டு அடிச்சிருக்கான்" என்றார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "நின்ன எடத்துல ஓடுற இன்ஜினையே பாத்துப் பழகிட்டேன்."

நான் அந்த வீட்டில் பார்த்த கட்டுப் போட்ட காலையும், தென்னை மரத்தையும், தார் ரோட்டையும் அப்போதுதான் சொன்னேன். அவர் நூலைச் சுருட்டினார். திரும்பும்போது வண்டியில் ஏறவில்லை. அந்த வெயிலில் அவர் தள்ளிக்கொண்டே வர, நான் பின்னால் நடந்தேன்.

மூத்தவர் வாசலில் நின்றார். "என்ன மெக்கானிக்கு, பெட்ரோல் தீந்துருச்சா?"

"வண்டிச் சட்டம் வளைஞ்சிருக்குண்ணே. எனக்கு வேணாம்."

"யாரு சொன்னா?"

இவர் பொய் சொல்லத் தெரியாதவர். "இவதான் தடம் பாத்தா" என்றார்.

"அடேயப்பா!" என்று மூத்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தங்கச்சி தடம் பாக்குறதுல கெட்டிதான். களவு போன மாட்டைத் தேட அனுப்பலாம். ஏய்யா, பொம்பள பேச்சைக் கேட்டா வண்டி வாங்க வந்த? நீ போனா இன்னொருத்தன் வருவான்."

நாங்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். பின்கட்டு ஜன்னலில் ஒரு கை தெரிந்தது. கம்பியை விட்டுவிட்டு உள்ளே போயிற்று.

வீட்டில் மாமியாரிடம், "வண்டி சரியில்ல" என்று மட்டும் இவர் சொன்னார். அடுத்த வருஷம் வேறு வண்டி வாங்கினார். அதையும் நூல் பிடித்துப் பார்த்துத்தான் வாங்கினார். கம்மாக்கரை, காடு, ராமநாதபுரம், தொண்டி என்று நெடுங்காலம் ஓட்டினார்.

அந்தக் கருஞ்சிவப்பு வண்டியை நான் இன்னொரு முறை பார்த்தேன்.

நாட்டரசன்கோட்டை போய்வந்த சில மாதத்தில் ஒரு நாள், காரைக்குடிச் சந்தைக்குப் பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். மருந்துக் கடை ஓரத்தில் அது நின்றது. டேங்கின் இடது பக்கம் இன்னும் தனிப் பளபளப்பு. பக்கத்தில் ஒரு பெண், இடுப்பில் ஒரு வயதுக் குழந்தை. புதுத் தாலிக்கயிறு மஞ்சள்கூட மங்கவில்லை. அக்கா குழந்தையோ என்னவோ. அவளுடைய ஆள் கடைக்குள் நின்றான். ஏழெட்டு அடிதான். அதை நடக்க எனக்கு எவ்வளவு நேரமாயிற்று என்று தெரியாது.

"எந்த ஊரு?" என்று கேட்டேன்.

"பள்ளத்தூரு. ஏன்க்கா?"

"இந்த வண்டி... இடப்பக்கம் இழுக்குதா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அதை ஏன் கேக்குறீக! தெனமும் எனக்குத் திட்டுதான். நான் ஒரு பக்கமா உக்கார்றதாலதான் இழுக்குதாம். கொறைச்சுச் சாப்பிடுங்குறாக."

"ஒன்னாலயில்ல ஆத்தா. நீ எறங்கிக்கிட்டு அவுகளை மட்டும் ஈர மண்ணுல ஓட்டச் சொல்லு. தடத்தைப் பாரு. ரெண்டா..."

அவன் மருந்துப் பொட்டலத்தோடு வந்துவிட்டான். மீசைக்காரன், என்னைவிட இளையவன்தான். "யாரு?" என்று அவளிடம் கேட்டான்.

"தெரியலங்க. வண்டியைப் பத்திக் கேக்குறாக."

அவன் என்னைப் பார்த்தான். எனக்குத் தெரிந்ததை அவனிடம் சொல்ல அந்த ஒரு கணம் போதும். அங்கே என் வீட்டுக்காரர் இல்லை, மாமியார் இல்லை, தடுக்க யாருமில்லை. ஆனால் முன்பின் தெரியாத ஆண், நடுத்தெரு. சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு தலை குனிந்துகொண்டேன்.

"ஏறு" என்றான். அவள் குழந்தையை மடியில் வைத்து, இரண்டு காலையும் இடப்பக்கம் தொங்கவிட்டு உட்கார்ந்தாள். கிளம்பும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு இல்லை. யோசிக்கிற மாதிரி இருந்தது. யோசித்தாளோ என்னவோ.

பள்ளத்தூர் ரோடு தார் ரோடு. அவன் வேகம் எடுக்கிற சத்தம் கேட்டது. அந்தப் பின்கட்டுப் பெண் என் கையைப் பிடித்த இடத்தை நான் அழுத்திப் பிடித்துக்கொண்டு, சத்தம் ஏறுவதையே கேட்டுக்கொண்டு நின்றேன். என் பஸ் வந்து, போயும்விட்டது.