கொம்போ பிடித்த கொடி

கென்யாவின் மொம்பாசா துறைமுகத்தின் ஒன்றாம் வாசலில், உல்லாசக் கப்பல் வருகிற நாளெல்லாம் ஒரு சண்டை உண்டு. அடிதடி கிடையாது, எல்லாம் வாய்தான். வாசலுக்கு உள்ளே குளிர்சாதன பஸ்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு பஸ்ஸுக்கு முன்னாலும் எண் எழுதிய கொடியோடு ஒரு வழிகாட்டி நிற்பார். வாசலுக்கு வெளியே டுக்டுக் என்கிற மூன்று சக்கர ஆட்டோ ஓட்டிகள் நாற்பது பேர். கப்பலை விட்டு இறங்குகிறவர்கள் எல்லோரும் பஸ் ஏறிவிட்டால் இந்த நாற்பது வீட்டிலும் அன்றைக்கு அடுப்பு புகையாது. பஸ் வேண்டாம், ஊரை நாங்களே சுற்றிக்கொள்கிறோம் என்று வெளியே நடந்து வருகிற நாலு பேர்தான் இவர்களுக்குப் படியளக்கிறவர்கள்.

நாற்பது பேரில் வாய்க்குப் பேர் போனவன் கொம்போ. பதினொரு வருஷமாக அதே வாசல், அதே மஞ்சள் வண்டி, அதே பேச்சு.

"அம்மா, பஸ்ஸுல போனா நீங்க ஊரைப் பாக்க மாட்டீங்க, முன் சீட்டுக்காரரோட வழுக்கையைத்தான் பாப்பீங்க. கொடிக்குப் பின்னால வரிசையா நடக்க நீங்க என்ன வாத்தா?"

கொடி என்கிற இடத்தில் குரலை வேண்டுமென்றே தூக்குவான். காரணம் இருக்கிறது. உள்ளே ஏழாம் எண் கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் அவனுடைய கூடப்பிறந்த அக்கா ருகியா. பரீட்சை எழுதி, உரிமம் வாங்கி, பதினாறு வருஷமாக வழிகாட்டியாக இருக்கிறவள். தம்பியின் பேச்சு காதில் விழாத மாதிரி நிற்பாள். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்துவிடும்.

"டேய், என் பஸ் லேட்டா வந்தா கப்பல் நிக்கும்டா. அது கப்பல்காரங்களே அனுப்புற பஸ்ஸு. உன் டுக்டுக் லேட்டா வந்தா டாட்டா காட்டிட்டுப் போயிரும். போய் அதை உன் வாத்துங்ககிட்ட சொல்லு."

அது உண்மைதான். உண்மை என்பதால்தான் கொம்போவுக்கு எரியும்.

போன மாதம் ஒரு கூத்து நடந்தது. வேறொரு டுக்டுக்காரன் கூட்டிப்போன இரண்டு பேர் கப்பலைத் தவறவிட்டு, விமானம் பிடித்து அடுத்த துறைமுகத்துக்கு ஓடினார்கள். வாசல் அதிகாரி நாற்பது பேரையும் நிற்க வைத்துச் சொல்லிவிட்டார்: இன்னும் ஒரே ஒரு ஆள் விடுபட்டால் போதும், இந்த வாசலில் ஒரு டுக்டுக்கும் நிற்க முடியாது. கூட்டத்தில் உரக்கச் சத்தியம் செய்தவன் கொம்போ. "என் ஆள் விடுபட்டா நானே என் வண்டியைக் கடல்ல தள்ளுறேன்" என்றான். யாரும் அவனைக் கேட்கவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதுவது அவன் பிறவிக் குணம்.

அடுத்த வியாழக்கிழமை ஒரு வெள்ளைக் கப்பல் வந்தது. கடைசியாக ஏற வேண்டிய நேரம் மாலை நாலரை. பஸ் வரிசைக்குப் பக்கத்தில் வயதான புருஷனும் பெண்சாதியும் சண்டை போட்டுக்கொண்டு நின்றார்கள். அவர் ட்ரெவர், அந்த அம்மாள் க்ளெனிஸ். அவர் கையில் ஏழாம் எண் பஸ்ஸுக்கு இரண்டு டிக்கெட்.

"காசு குடுத்தாச்சு க்ளெனிஸ். பத்திரமா கூட்டிட்டுப் போய் பத்திரமா கொண்டாந்து விடுவாங்க."

"நாப்பது வருஷம் உங்க பின்னால நடந்தாச்சு. இங்க வந்து ஒரு கொடி பின்னால வேற நடக்கணுமா? நீங்க போங்க. நான் என் இஷ்டத்துக்குப் பாத்துட்டு வர்றேன்."

சொல்லிவிட்டுக் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டி வந்தாள். கொம்போவுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல் இருந்தது. ட்ரெவர் பஸ்ஸில் தனியாக ஏறினார். அவர் பக்கத்து சீட் காலியாகவே போயிற்று.

காலையெல்லாம் அமர்க்களம்தான். சந்தையில் ஏலக்காய் முகர்ந்தார்கள். கடற்கரைச் சாலையில் மிளகாய்த்தூள் தூவிய மரவள்ளி வறுவல் தின்று இளநீர் குடித்தார்கள். லிகோனி படகில் அக்கரை போய், அங்கே ஒரு வேலையும் இல்லாததால் இக்கரை வந்தார்கள். அந்த அம்மாளுக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. மத்தியானம் பழைய ஊரின் சந்துக்குள் வண்டி நுழைந்தபோது, ஒரு மாடி வீட்டிலிருந்து மேளச் சத்தமும் குலவைச் சத்தமும் வந்தன.

"இது என்னது கொம்போ?"

"கல்யாண வீடும்மா. இன்னைக்குப் பொண்ணுக்கு மருதாணி. பொம்பளைங்க மட்டும்தான் உள்ள. ஏழாம் நம்பர் பஸ்ஸு ஏழு ஜென்மம் எடுத்தாலும் இதைக் காட்டாது. போய் ஒரு கையில மருதாணி வச்சிட்டு வாங்க. அஞ்சு நிமிஷம்."

வாசலில் பருத்த பெண்மணி ஒருத்தி கூடையோடு உட்கார்ந்திருந்தாள். உள்ளே போகிற பெண்கள் எல்லோரும் போனை அந்தக் கூடையில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உள்ளே எல்லோரும் புர்கா களைந்து, பூச்சூடி, ஆடிக்கொண்டிருப்பார்கள். ஒரு படம் வெளியே போனால் ஊரே நாறிவிடும். க்ளெனிஸ் அம்மாள் சிரித்துக்கொண்டே போனைக் கூடையில் போட்டாள். உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

அப்போது மணி இரண்டேகால்.

இரண்டே முக்காலுக்குக் கொம்போ படியருகே போனான். "பெரியம்மா, என் விருந்தாளியைக் கொஞ்சம் வரச் சொல்லுங்களேன்."

"ரெண்டு கையிலயும் மருதாணி ஈரமா இருக்கு. காயட்டும்."

மூன்று மணிக்குப் போனான். "சாப்பாடு போட்டிருக்கு. சாப்பிடாம அனுப்பினா எங்களுக்குத்தான் கேவலம்."

மூன்றேகாலுக்குப் போனபோது அவள் கூடையைத் தூக்கிக் காட்டினாள். "இன்னொரு அடி வச்சேன்னு வையி, இதாலயே மண்டையைப் பொளந்துடுவேன். ஆம்பள கால் இந்தப் படியில படக்கூடாது. உங்க அம்மா உன்னை இப்படியா வளர்த்தா?"

சந்து முனையில் உருளைக்கிழங்கு பஜ்ஜி போடுகிற பெண்ணிடம் கெஞ்சினான். "தங்கச்சி, உள்ள போய் அந்த வெள்ளைக்காரம்மாவை இழுத்துட்டு வா." அவளும் கையைத் துடைத்துக்கொண்டு நல்ல மனசோடு உள்ளே போனாள். வரவே இல்லை. கொதிக்கிற எண்ணெய்ச் சட்டிக்குக் கொம்போதான் காவல். இடையில் ஒருவன் வந்து நாலு பஜ்ஜி கேட்டான். நாலும் கருகின. அவன் திட்டிவிட்டுப் போனான்.

மணி மூன்றே முக்கால். தன் வண்டி போவது இருக்கட்டும், நாற்பது பேர் பிழைப்பைத் தன் வாய்க் கொழுப்பால் கெடுத்துவிட்டோமே என்று கொம்போ உண்மையாகவே பயந்தான். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

அந்த நேரம் பார்த்துச் சந்துக்குள் ஏழாம் எண் கொடி வந்தது. அதற்குப் பின்னால் முப்பது சொச்சம் பேர்.

"இடது பக்கம் பாருங்க," ருகியா சொல்லிக்கொண்டு வந்தாள். "இந்தச் செதுக்கு வேலைக் கதவுக்கு நூத்தம்பது வயசு. இதுல இருக்குற..." தம்பியைப் பார்த்தாள். தம்பி கையில் சல்லிக் கரண்டி. "டேய், பஜ்ஜிக் கடையா வச்சிருக்க?"

கொம்போ வாழ்க்கையில் முதல்தடவையாக அவள் கையைப் பிடித்துக் கெஞ்சினான். "அக்கா, மானத்தைக் காப்பாத்து. ஒரு ஆள் உள்ள மாட்டிக்கிச்சு. நீ பொம்பள, உன்னை விடுவாங்க."

கூட்டத்திலிருந்து ட்ரெவர் எட்டிப்பார்த்தார். "உள்ள இருக்கறது என் பெண்சாதியா?"

ருகியாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனாலும் அக்கா அக்காதான். "ரெண்டு நிமிஷம்" என்று போனைக் கூடையில் போட்டுவிட்டு, கொடியும் கையுமாக உள்ளே போனாள்.

பத்து நிமிஷம் கழித்துக் கதவு திறந்தது. இரண்டு கையிலும் முழங்கை வரை மருதாணி, தலையில் மல்லிகை, கையில் ஒரு தட்டு பிலாவ் சோற்றோடு க்ளெனிஸ் அம்மாள் வெளியே வந்தாள். அக்கா வரவில்லை. மாடி ஜன்னல் மரத்தட்டி திறந்து ருகியாவின் தலை தெரிந்தது.

"கொம்போ! என்னை விட மாட்டேங்கறாங்கடா. பொண்ணோட அம்மா என் கூடப் படிச்சவ. இத்தனை வருஷமா அவ வீட்டு விசேஷம் எதுக்கும் நான் வரலையாம், எப்ப கூப்பிட்டாலும் கப்பல் கப்பல்னு சொன்னேனாம். இப்பவும் எந்திரிச்சுப் போனா, நாளைக்கு என் மக கல்யாணத்துக்கு இந்தத் தெருவுல ஒருத்தி வர மாட்டாளாம்!"

உள்ளேயிருந்து யாரோ, "ஒருத்தி கூட வர மாட்டா!" என்று கத்தினாள்.

"பஸ்ஸு கோட்டை வாசல்ல நிக்குது. என் ஆளுங்களை நீயே கூட்டிட்டுப் போ. இந்தா, பிடி!"

ஏழாம் எண் கொடி மாடியிலிருந்து வந்து கொம்போவின் காலடியில் விழுந்தது.

மணி நாலு பத்து. வெளியே பெரிய தெருவில் வண்டிகள் அசையாமல் நின்று ஹாரன் அடிப்பது சந்து வரைக்கும் கேட்டது. டுக்டுக்கில் போனால் நாலரைக்குப் போய்ச் சேர முடியாது, கப்பலும் காத்திருக்காது. பஸ்ஸும்தான் நாலரைக்குச் சேராது. ஆனால் பஸ்ஸுக்குக் கப்பல் நிற்கும். கொம்போ கொடியைப் பார்த்தான். பதினொரு வருஷமாக அவன் கேலி பண்ணிய அதே கொடி. பிறகு குனிந்து எடுத்தான்.

"எல்லாரும் என் பின்னால வாங்க" என்றான். அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது.

பஸ் டிரைவர் க்ளெனிஸ் அம்மாளைத் தடுத்தார். "டிக்கெட் இல்லாதவங்களை ஏத்தக்கூடாதுப்பா." ட்ரெவர் சட்டைப் பையிலிருந்து இரண்டாவது டிக்கெட்டை எடுத்து நீட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருந்ததே அந்த அம்மாளுக்குப் போதுமான தண்டனையாக இருந்திருக்கும். ஆனால் அவள் பாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிலாவை ஊட்டிவிடச் சொன்னாள், கையில் மருதாணி ஈரம் என்று.

நெரிசலில் பஸ் நின்றபோது கொம்போ சும்மா இருக்க முடியாமல் ஒலிவாங்கியை எடுத்தான். எந்த வீட்டுக்காரன் எந்தச் சுவருக்காகத் தம்பியோடு பேசுவதில்லை, எந்தத் தையல்காரன் பெருநாளுக்குக் கொடுத்த துணியை அடுத்த பெருநாளுக்குத் தருவான் என்று சொல்லிக்கொண்டே வந்தான். பஸ் குலுங்கிச் சிரித்தது. அவனுக்கும் பிடித்திருந்தது. அதை ஒப்புக்கொள்ளத்தான் மனசு வரவில்லை.

ஐந்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பஸ் ஒன்றாம் வாசலுக்குள் திரும்பியது. கப்பல் நின்றுகொண்டிருந்தது. வெளியே முப்பத்தொன்பது டுக்டுக்காரர்களும், கொம்போவின் வண்டி இன்னும் வரவில்லையே என்று முகம் செத்துப்போய் நின்றார்கள். பஸ்ஸின் முன்கண்ணாடிக்குப் பின்னால், கையில் கொடியோடு நின்ற அவனைப் பார்த்தார்கள். பிறகு ஒருவன் "வாத்து!" என்று கத்தினான். நாற்பது வீட்டு அடுப்பும் தப்பியது என்று தெரிந்துகொண்ட சிரிப்பு வாசல் முழுக்க எழுந்தது.

கப்பல் போன பிறகு, கொம்போ பழைய ஊருக்குத் திரும்பித் தன் வண்டியில் உட்கார்ந்திருந்தான். அந்தி வெளிச்சத்தில் ருகியா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கையில் மருதாணி, மடியில் அவனுக்கென்று மூடி எடுத்து வந்த தட்டு.

"சொல்லு, உன் கேலியை ஆரம்பி" என்றாள்.

"முதல்ல நீ சொல்லு. கல்யாணம் எப்படி?"

அவள் கல்யாண வீட்டின் அந்தச் செதுக்கு வேலைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினாறு வருஷமா இந்தக் கதவை எல்லாருக்கும் காட்டிட்டு வர்றேன்டா. இன்னைக்குத்தான் உள்ள போனேன்."

கொம்போ வாயைத் திறந்தான். பிறகு தட்டை வாங்கி இருவருக்கும் நடுவில் வைத்து, "நீயும் சாப்பிடு" என்றான்.