வேகம் சொல்லாத சாட்சி

கோவில்பட்டியில் ஒரு பேப்பர் கடையின் மாடியில், அரசுத் தேர்வு எழுதுகிறவர்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். வேகம், தூரம், நேரம் என் பாடம். வாரத்துக்கு ஒரு கணக்கில் வேண்டுமென்றே ஏதாவது ஒரு தகவலைக் கொடுக்காமல் விட்டுவிடுவேன். ரயில் மதுரையிலிருந்து புறப்பட்ட நேரத்தைச் சொல்லி, நெல்லைக்கு எப்போது சேரும் என்று கேட்பேன். வேகத்தைச் சொல்ல மாட்டேன். தீப்பெட்டி ஆபீசில் வேலை முடித்து நேரே வகுப்புக்கு வருகிற பிள்ளைகள், அசதியில் எதையோ பெருக்கி எதையோ வகுத்து ஒரு விடையைப் போட்டுவிடுவார்கள். அவர்களை எழுப்பி நிறுத்தி, "தெரியாததைத் தெரியாதுன்னு எழுத என்ன வலிக்குது?" என்பேன். அதில் எனக்கிருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வகுப்பு முடிந்து கயத்தாறு தாண்டி எங்கள் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். என்னைக் கூட்டிப்போகத் தம்பி பைக்கில் வந்தான். நாலுவழிச் சாலையை அவன் குறுக்கே கடக்கும்போது திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த லாரி அடித்துவிட்டது. அந்த இடத்திலேயே போய்விட்டான். விலக்கிலிருந்த டீக்கடையும் அன்றைக்குப் பூட்டிக் கிடந்தது; கண்ணால் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

நஷ்டஈட்டு வழக்கு நடந்தது. யார் மேல் தப்பு என்பதுதான் கேள்வி. தம்பி பெண்சாதி அந்தத் தீர்ப்பை நம்பித்தான் இருந்தாள். நான் சாட்சி சொல்வதற்கு முதல் நாளே எங்கள் வக்கீல் சொன்னார். "அண்ணாச்சி, தொண்ணூறுல வந்துச்சுன்னு சொல்லிருங்க. யாரு மீட்டர் வச்சா பாத்தா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படி வாய்க்கு வந்த எண்ணைப் போடுகிறவர்களைத்தானே நான் வகுப்பில் எழுப்பி நிறுத்துகிறேன்?

மறுநாள் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். "லாரி என்ன வேகத்துல வந்துச்சு?"

"வேகம் சொல்லணும்னா தூரமும் நேரமும் தெரியணும். எனக்கு ரெண்டும் தெரியாது" என்றேன். கரும்பலகை முன்னால் நிற்பதுபோலத்தான் நிமிர்ந்து நின்றேன். அவர் சந்தோஷமாக உட்கார்ந்துவிட்டார். அடுத்து டிரைவர் கூண்டில் ஏறினான். "நாப்பதுலதான்யா வந்தேன்" என்றான். ஒரு தடுமாற்றம் இல்லை.

லாரி வேகமாக வந்ததற்கு ஆதாரம் இல்லை, பைக்கில் வந்தவர் கவனமில்லாமல் குறுக்கே போனதே காரணம் என்று தீர்ப்பாயிற்று. பழியெல்லாம் செத்தவன் தலையில். "அவனாப் போயி விழுந்துட்டானாமே" என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நான் மட்டும் உண்மையைச் சொன்ன யோக்கியன்.

தம்பி பெண்சாதி அழவில்லை. வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் வாசல் நடையில் என்னை நிறுத்திக் கேட்டாள்.

"அத்தான், பைக்கு டீக்கடைக்கு எதுக்க கெடந்துச்சு. அவிய, ஒங்க தம்பி, பாலத்துக்கு அங்கிட்டுக் கெடந்தாவ. போலீஸ் வாரதுக்கு முன்னாடியே நீங்கதான தூக்கிட்டு வந்து கடை நெழல்ல கெடத்துனீய? நீங்களே எங்கிட்ட சொன்னீயளே. நாப்பதுல வந்த லாரி ஒரு ஆம்பளைய அங்கன வரைக்குமா தூக்கி எறியும்? இதை ஏன் அங்க சொல்லல?"

அதை யாரும் கேட்கவில்லையே என்று வாய் வரை வந்தது. கேள்வியில் கொடுத்திருப்பதை வைத்துத்தான் எனக்குக் கணக்குப் போடத் தெரியும். அவள் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள்.

"தூரம் தெரியாதுன்னு சொன்னீயளே. தூக்கிட்டு நடந்த ஒங்க காலுக்குமா தெரியாது?"

தெரியும். பாரம் தாங்காமல், பாதி வழியில் அவனை ஒருமுறை ரோட்டில் இறக்கி வைத்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டுதான் மறுபடி தூக்கினேன்.