துரையின் தூண்டில் கோல்

துறைமுக ஆபீசில் வேலை பார்க்கும் என் கணவர், சீமைக்குக் கப்பலேறும் ஒரு துரையிடமிருந்து பழைய தூண்டில் கோல் ஒன்றை வாங்கிவந்து, கூடத்தில் உட்கார்ந்து அதற்கு வார்னிஷ் பூசினார். அந்த வாசனை பட்டதும் எனக்குப் பழைய கோபம் ஒன்று திரும்பி வந்தது.

அப்போது எனக்கு எட்டு வயது. எண்ணூர் முகத்துவாரத்தில் இதே மாதிரி கோலோடு ஒரு துரை காலையெல்லாம் வீசினார். நூல் அவர் தொப்பியில்தான் சிக்கியது. கடைசியில் கரையில் நின்ற என் நைனாவிடம் கோலை நீட்டினார். கோலே இல்லாமல், ஈயக்குண்டு கட்டிய நூலைக் கையால் சுழற்றி எறிந்தே பழகியவர் நைனா. கடல்நீர் உள்ளே திரும்பும்வரை காத்திருந்து ஒரே வீச்சு வீசினார். பெரிய கொடுவா மீன் மாட்டியது. உடனே துரை கோலைப் பிடுங்கிக்கொண்டார். மீனோடு போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

"லண்டன் கோலுடா! அதான் மீனு வுயுந்துச்சு" என்றான் அவருடைய பட்லர்.

"எங்க நைனாதான் வீசிச்சு!" என்று கத்தினேன்.

நைனா என் வாயைப் பொத்தினார். "கம்முனு இரு கண்ணு, பேஜாராப் பூடும்."

துரை மேல் வந்ததைவிட நைனா மேல்தான் எனக்கு அதிகக் கோபம் வந்தது.

"இந்தக் கோல் இருந்தா போதும், யாரு வேணும்னாலும் மீன் பிடிக்கலாம்" என்று, வார்னிஷ் பூசி முடித்த கணவர் எங்கள் மகளிடம் சொன்னார். குழந்தை முன்னால் அவரை எதிர்த்துப் பேசலாமா என்று தயங்கினேன். ஆனாலும் பேசிவிட்டேன்; அது சரிதானா என்று இப்போதும் தெரியவில்லை.

"வீசத் தெரியணும்ங்க" என்றேன். "தெரிஞ்சவரு எண்ணூர்ல இருக்காரு. உங்க மாமனார்தான். போய்க் கேளுங்க."